ஓலையில் செத்துத் தொங்கும் கம்பளிப்புழுவும் அதற்குள் இருக்கும் ஆர்என்ஏ வைரஸும்: பிசிஆர் மட்டும் போதுமா?

தம்பி, பிறகு படிக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை ஓலைக்கு அடியில் முள்ளுக் கம்பளிப்புழுக்கள் நிறம் மங்கி, தொளதொளத்து, ஒட்டினபடியே செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மாமா மருந்தில் செத்தது என்கிறார், மேற்பார்வையாளரான மண்டோரோ அந்தப் பிளாக்கில் இந்த மாதம் மருந்தே அடிக்கவில்லை என்கிறார். இது ஏதாவது ஆர்என்ஏ வைரஸாக இருந்தால் இறுதியாண்டு ஆய்வாக அதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டறியலாமா, நாலு புழுவை எடுத்துப் பிசிஆர் போட்டு, அதாவது மரபணுவின் ஒரு துண்டைப் பல நகலாகப் பெருக்கி, அந்தத் துண்டை வரிசைப்படுத்தி எழுத்தெழுத்தாகப் படித்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக எடுக்கலாம். பிசிஆர் மட்டும் போதாது. ஏன் போதாது என்பதற்கு உலகத்திலேயே சரியான உதாரணம் இதே செம்பனைக் கம்பளிப்புழுவில்தான் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நானும் அந்தப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவள்தான். பெரியவர்கள் இன்னும் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார்கள், 1982இல் பெயர் மாறியும் அவர்கள் வாயில் மாறவில்லை. என் அம்மா பல வருடம் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். முதுகில் பம்ப்பைச் சுமந்துகொண்டு போகிறவர், ஓலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வரிசையில புழு தானாவே சீக்கு வந்து சாவுது, மருந்து வீண்" என்று மண்டோரிடம் சொல்வாராம். யாரும் கேட்கவில்லை, உத்தரவு உத்தரவுதான். பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் கம்பளிப்புழுவிலிருந்து பிரித்த வைரஸ் துகள்களை முதன்முதலாகப் பார்த்த அன்று, அம்மா ஓலையைத் திருப்பிப் பார்த்ததுதான் என் நினைவுக்கு வந்தது. ஆகவே உங்கள் மாமாவையும் மண்டோரையும் நன்றாக விசாரியுங்கள். எந்தப் பிளாக், எப்போது கடைசியாக மருந்து அடித்தது அல்லது மரத்தில் துளை போட்டு ஏற்றியது, முதலில் எந்த வரிசையில் புழு செத்தது, பக்கத்து மரத்துக்குப் பரவியதா, இதெல்லாம் உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, செத்த புழு எல்லாம் ஆர்என்ஏ வைரஸில் செத்தது அல்ல. பேக்குலோவைரஸ் என்றால் அது டிஎன்ஏ வைரஸ். அதில் செத்த புழு பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும், தோல் கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் கூழாக வழியும், அந்தக் கூழை ஒரு சொட்டு எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலே பளபளக்கும் படிகப் பொதிகள் தெரியும். சைப்போவைரஸ் இரட்டை இழை ஆர்என்ஏ வைரஸ். அதிலும் படிகப் பொதி உண்டு, ஆனால் அது குடலின் செல்களில்தான் இருக்கும், புழுவை அறுத்துப் பார்த்தால் நடுக்குடல் பால்போல வெளுத்திருக்கும். பூஞ்சை என்றால் புழு விறைத்துக் காய்ந்து, ஈரம் பட்டால் மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற புழுக்கொல்லி பாக்டீரியாவைத் தெளித்திருந்தால் தின்பதை நிறுத்திச் சுருங்கிக் கறுத்துப்போகும். நீங்கள் சொல்கிற அடையாளங்கள், அதாவது தொளதொளப்பு, மங்கிய நிறம், தோல் கிழியாமல் ஒட்டினபடி இருப்பது, இவை சிறிய ஒற்றை இழை ஆர்என்ஏ வைரஸ்களுக்கும் பொருந்தும். அவற்றில் படிகப் பொதியே கிடையாது, சாதாரண நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரு தடயம்தான், அதையும் எழுதி வையுங்கள்.

புழுவின் இனத்தை மலாயில் புழு என்று பொருள்படும் "உலாட்" என்று மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். செம்பனையில் செட்டோதோசியா அசிக்னா, செட்டோரா நிட்டென்ஸ், டார்னா ட்ரிமா எனப் பல முள்ளுப்புழுக்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே பையைச் சுமந்து திரியும் மெட்டிசா பிளானாவும் இருக்கும், நம் ஊரில் உலாட் புங்குஸ் என்போமே, அது. சில புழுக்களைப் பிடித்து ஓலைத் துண்டோடு வலைப் பெட்டியில் வளர்த்து, கூடு கட்டி அந்துப்பூச்சியாக வெளிவரும்வரை காத்திருங்கள், கூடவே ஒரு காலைத் துண்டித்து சிஓ1 மரபணுவில் இனம் அறிய உதவும் துண்டை, 658 எழுத்து நீளம்தான், வரிசைப்படுத்திப் பாருங்கள். எந்தப் புழுவில் இருந்த வைரஸ் என்று சொல்ல முடியாத வைரஸ் வரிசையால் யாருக்கும் பயன் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த வைரஸ்கள் மனிதரைத் தாக்குவதாக அறியப்படவில்லை, முள்தான் ஆபத்து, ஒரு தடவை பட்டால் இரவு முழுக்க எரியும்.

செத்து நாறிப்போன புழுவில் ஆர்என்ஏவும் சிதைந்திருக்கும். நோய் தொடங்கி மந்தமாகியும் இன்னும் உயிரோடு இருக்கிற புழுதான் தங்கம். அதே ஓலையில் தெம்பாகத் தின்றுகொண்டிருக்கிற புழுக்களையும் எடுங்கள், ஒப்பிட அவை வேண்டும். எதில் போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். முதல் வருடம் மளிகைக்கடை ஐஸ் கட்டியை நிரப்பி மீன் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனேன், தைப்பூச விடுமுறை நெரிசலில் வண்டி ஊர்ந்தது, போய்ச் சேர்ந்தபோது ஐஸ் எல்லாம் தண்ணீர். மறுநாள் ஜெல்லில் ஆர்என்ஏ ஒரு மங்கலான தீற்றலாக வந்தது, ஒரு பருவத்து மாதிரிகள் அத்தனையும் போயின. அதிலிருந்து ஆர்என்ஏ லேட்டர் போன்ற பதப்படுத்தும் கரைசல் இல்லாமல் நான் தோட்டத்துக்குள் போவதில்லை. அதில் இட்டது 37 பாகையில் ஒரு நாள், 25 பாகையில் ஒரு வாரம், 4 பாகையில் ஒரு மாதம் தாங்கும், நம் வெயிலுக்கு முதல் கணக்கையே நம்புங்கள். ஆனால் புழுவை முழுசாகப் போட்டால் கரைசல் தோலைத் தாண்டி உள்ளே போகாது, அரை சென்டிமீட்டருக்கும் மெல்லிய துண்டாக அறுத்துப் போட வேண்டும். கரைசலில் போட்ட துண்டு ஆர்என்ஏ எடுக்கத்தான். துகளைச் சுத்திகரிக்கவும் பின்னால் உயிருள்ள புழுவுக்கு ஊட்டிப் பார்க்கவும் வேண்டிய புழுக்களை எதிலும் ஊறவைக்காமல் தனியே உறைய வைக்க வேண்டும், அதற்கு உலர் பனிக்கட்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் முதலிலேயே சொல்லித் தருவதில்லை. ஆர்என்ஏவின் தரத்தை இயந்திரத்தில் பார்க்கும்போது 28எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவின் முகடே இல்லை, எல்லாம் 18எஸ் இருக்கும் இடத்தில் குவிந்திருக்கிறது, தர எண் படுமோசம் என்று வரும். பயந்துபோய்த் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல பூச்சிகளில் 28எஸ் மூலக்கூறின் நடுவே இயல்பாகவே ஒரு வெட்டு இருக்கிறது, சூடாக்கினால் இரண்டாகப் பிரிந்து 18எஸ்ஸோடு சேர்ந்து ஓடும். அது சிதைவு அல்ல, பூச்சியின் இயல்பு. சூடாக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் விளங்கிவிடும்.

இனி பிசிஆர் கதைக்கு வருகிறேன். பாக்டீரியாவுக்கு 16எஸ் மாதிரி எல்லா வைரஸுக்கும் பொதுவான மரபணு என்று ஒன்று இல்லை. ஆர்என்ஏ வைரஸ்களுக்கு, அதாவது ரெட்ரோவைரஸ் போன்றவை நீங்கலாக, பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: ஆர்என்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ். அந்தப் புரதத்தின் நடுப்பகுதியில், உள்ளங்கை என்பார்கள், ஏ, பி, சி என்று மூன்று அடையாளத் துண்டுகள் உண்டு. ஏயிலும் சியிலும் இருக்கும் ஆஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலங்கள்தான் உலோக அயனிகளைப் பிடித்து வேலையை நடத்துகின்றன. பல வைரஸ்களில் சி துண்டு கிளைசின், ஆஸ்பார்ட்டேட், ஆஸ்பார்ட்டேட் என்று மூன்றெழுத்துக் கையொப்பம் மாதிரி இருக்கும். ஆகவே பழைய வழி என்னவென்றால், பிசிஆர் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களில், முன் பிரைமரை ஏ அல்லது பி துண்டின் மேலும் பின் பிரைமரை சி துண்டின் மேலும் அமைத்து, இடைப்பட்ட துண்டைப் பெருக்கி வரிசைப்படுத்துவது. நீங்கள் சொன்ன "பிசிஆர் போட்டு ஒரு துண்டு" என்பதும் இதுதான்.

இப்போது செட்டோதோசியா அசிக்னாவுக்கு வாருங்கள். அதன் பழைய பெயர் தோசியா அசிக்னா, அதனால் அதைத் தாக்கும் வைரஸின் பெயர் தோசியா அசிக்னா வைரஸ். நம் ஓலையில் நெளிகிற அதே வகைப் புழு. அந்த வைரஸின் பாலிமரேஸில் ஏ, பி, சி என்ற ஒழுங்கு இல்லை. சி முதலில் வருகிறது, பிறகுதான் ஏ, பி. 2002இல் அலெக்சாண்டர் கோர்பலேன்யாவும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். இதே மாற்றம் கொலம்பியாவில் செம்பனையைத் தின்கிற யூப்ரோஸ்டெர்னா எலேயாசா என்ற புழுவின் வைரஸிலும் இருக்கிறது, கோழிக்கு கம்போரோ நோய் தரும் பிர்னாவைரஸ் குடும்பத்திலும் இருக்கிறது. புழுவின் வைரஸுக்கும் கோழியின் வைரஸுக்கும் ஒரு பழைய பாலிமரேஸ் வம்சம் பொது!

இது எப்படி வேலை செய்யும் என்று முதலில் எனக்கும் பிடிபடவில்லை. லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் முன்வாசல், அறை, குசினி என்று வரிசையாக நுழைவோம். ஒரு வீட்டில் மட்டும் பின்பக்கம் குசினி வழியாக உள்ளே வந்து, அப்புறம் முன்வாசலுக்கும் அறைக்கும் போகிறோம். நடக்கிற வழி மாறியது, அறைகள் இருக்கும் இடம் மாறவில்லை. புரதச் சங்கிலி வேறு வழியாக வளைந்து வந்தாலும், மடிந்து முடிந்தபின் சி துண்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, பாலிமரேஸ் ஒழுங்காக வேலை செய்கிறது. 2015இல் வெளியான படிக அமைப்பு இதைக் கண்ணுக்கே காட்டிவிட்டது.

இப்போது உங்கள் பிரைமர்களை யோசியுங்கள். ஏயிலிருந்து முன்னோக்கி, சியிலிருந்து பின்னோக்கி. இந்த வைரஸில் சி முன்னால் இருப்பதால் இரண்டு பிரைமரும் ஒன்றை ஒன்று பார்க்காமல் எதிர்எதிர்த் திசையில் ஓடும். ஜெல்லில் ஒன்றும் வராது. "வைரஸ் இல்லை" என்று எழுதி முடித்துவிடுவீர்கள், புழுவுக்குள் கோடிக்கணக்கில் வைரஸ் நிரம்பியிருக்கும்போதே. தெரிந்ததைத் தேடினால் தெரிந்தது மட்டும்தான் கிடைக்கும். இந்த வைரஸை முதலில் ஆராய்ந்தவர்கள் பிசிஆரில் தொடங்கவில்லை, துகளில் தொடங்கினார்கள். புழுவை அரைத்து, சக்கையைச் சுழற்றி இறக்கி, சர்க்கரை அடுக்கில் அதிவேகச் சுழற்சியில் துகளைப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்து, அந்தத் துகளுக்குள் இருந்த ஆர்என்ஏவை எடுத்துப் படித்தார்கள். மெதுவான வழி, ஆனால் கையில் இருப்பது வைரஸ்தான் என்பதில் சந்தேகம் இருக்காது.

துகளும் தனி அழகு. ஏறக்குறைய 40 நானோமீட்டர், இருபது முக உருண்டை, 240 உறைப் புரதங்கள் சேர்ந்து கட்டிய கூடு. விலங்கு வைரஸ்களில் அபூர்வமான இந்த டி=4 சமச்சீரை வைத்துத்தான் டெட்ராவைரஸ் என்று பெயரே வந்தது, கிரேக்கத்தில் டெட்ரா என்றால் நாலு. பாலிமரேஸ் கதை வெளியான பிறகு, உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பவை வேறுவேறு வம்சங்கள் என்று புரிந்து, அந்தக் குடும்பத்தை ஆல்ஃபாடெட்ரா, கார்மோடெட்ரா, பெர்முடோடெட்ரா என்று மூன்றாகப் பிரித்தார்கள். நம் புழுவின் வைரஸ் பெர்முடோடெட்ரா, வரிசை மாறியது என்ற பொருளில்.

இந்த வைரஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட என்னால் முடியாது. உங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் யாராவது மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில், ஒரே பிளாஸ்மிடிலிருந்து இரண்டு புரதம் செய்கிறார்களா என்று பாருங்கள். வரைபடத்தில் இரண்டு மரபணுவுக்கு நடுவில் டி2ஏ என்று ஒரு சின்னத் துண்டு இருக்க நிறைய வாய்ப்பு. அந்த "டி", தோசியா. இந்தச் செம்பனைப் புழுவின் வைரஸிலிருந்து எடுத்த பதினெட்டு அமினோ அமிலங்கள். பூ கட்டுகிற பாட்டியைப் பார்த்திருப்பீர்கள், கை நிற்காமல் கட்டிக்கொண்டே போகும். ரைபோசோமும் அப்படித்தான் அமினோ அமிலங்களைக் கோத்துக்கொண்டே போகிறது. இந்தத் துண்டின் கடைசியில், கிளைசினுக்கும் புரோலினுக்கும் நடுவில் மட்டும் முடிச்சைப் போடாமல் தாவிவிடுகிறது. முதல் சரம் தனியே விழுகிறது, கை நிற்காமல் அடுத்த சரம் தொடங்குகிறது. ஒரு ஆர்என்ஏவிலிருந்து இரண்டு தனிப் புரதம். மாட்டுக்கு வரும் கோமாரி நோயின் வைரஸில்தான் இந்தத் தந்திரம் முதலில் தெரிந்தது. ஆனால் 2004க்குப் பிறகு ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் புழங்கும் நாலைந்து வடிவங்களில் புழு வைரஸின் வடிவமும் ஒன்று. புற்றுநோய்க்கு நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களை மாற்றியமைக்கும் ஆய்வுகளிலும் இது இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புழுவா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, இன்றைக்கு எப்படிச் செய்வது? மொத்த ஆர்என்ஏவை எடுத்து, தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் சேர்த்து வரிசைப்படுத்திவிடுவதுதான் இப்போதைய வழி. 2016இல் சீனாவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட முதுகெலும்பில்லா உயிரினங்களை இப்படி அலசி 1,445 ஆர்என்ஏ வைரஸ்களைக் கண்டார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். நோயுற்ற புழுக்கள் ஒரு தொகுதி, தெம்பான புழுக்கள் ஒரு தொகுதி, இரண்டு நூலகம், அதாவது வரிசைப்படுத்தத் தயாராக்கிய இரண்டு தொகுப்பு, போதும். மொத்த ஆர்என்ஏவில் பெரும்பங்கு புழுவின் ரைபோசோம் ஆர்என்ஏதான், அதை நீக்கிவிட்டுப் படித்தால் செலவு மிச்சம். ஆனால் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்குவதற்குப் பதில் ஆர்என்ஏவின் கடைசியில் ஏ எழுத்துகள் மட்டும் வரிசையாக இருக்கும் பாலி-ஏ வாலைப் பிடித்து எடுக்கும் மலிவான முறையை யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பூச்சிகளைத் தாக்கும் இஃப்ளாவைரஸ் போன்றவற்றுக்கு வால் உண்டு, அவை மாட்டும். டெட்ராவைரஸ்களில் வால் இல்லாதவை உண்டு, ஹெலிகோவெர்பா புழுவின் ஸ்டண்ட் வைரஸில் வாலுக்குப் பதில் கடத்து ஆர்என்ஏ போல மடிந்த முனைதான் இருக்கிறது. நீங்கள் தேடுவதே அந்த வகையாக இருந்தால் வலையில் ஓட்டை.

கிடைத்த துண்டுகளைக் கணினியில் ஒட்டவைத்து, நீண்ட தொடர்களைப் புரதமாக மொழிபெயர்த்துத் தேடும்போது, பாலிமரேஸின் பொது வடிவத்தை வைத்துத் தேடும் நிரல்களை மட்டும் நம்ப வேண்டாம். வரிசை மாறியவற்றில் பாதி மட்டும் பொருந்தி "மோசமான பொருத்தம்" என்று கீழே தள்ளப்பட்டிருக்கும். வம்ச மரம் வரையும்போதும் சி துண்டைக் கையால் இடம் மாற்றி வைத்தால்தான் மற்ற வைரஸ்களோடு சரியாக அடுக்க முடியும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. வரிசை கிடைத்தால் வைரஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. புழு தின்ற ஓலையில் இருந்த வைரஸாக இருக்கலாம், ஓலையில் வாழும் பூஞ்சையின் வைரஸாக இருக்கலாம், புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவியின் வைரஸாகக்கூட இருக்கலாம். இன்னொரு ஆபத்து, என்றைக்கோ ஒரு வைரஸின் துண்டு பூச்சியின் டிஎன்ஏவிலேயே ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டு வருவது. ஏடிஸ் கொசுவில் இது நன்றாகத் தெரிந்த சங்கதி. அந்தக் கொசுவின் செல் வளர்ப்பிலிருந்து 1975இல் ஒரு ஃப்ளேவிவைரஸைக் கண்டார்கள், பூச்சியில் மட்டும் பெருகுவது. பிறகு பார்த்தால் அதன் உறவான துண்டுகள் கொசுவின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. இதற்குச் சோதனை எளிது: ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படியைத் தவிர்த்துவிட்டு, புழுவின் டிஎன்ஏவிலேயே நேரடியாகப் பிசிஆர் போடுங்கள். பட்டை வந்தால் நீங்கள் பார்ப்பது வைரஸ் அல்ல, பழைய தழும்பாக இருக்கலாம். இங்கேதான் பிசிஆர் உண்மையில் கைகொடுக்கிறது, தேடுவதற்கு அல்ல, சரிபார்ப்பதற்கு.

வைரஸ் புழுவுக்குள் பெருகுகிறதா என்பதற்கு எதிர் இழையை, அதாவது வைரஸின் ஆர்என்ஏவைப் பார்த்து எடுத்த மறுநகலைத் தேட வேண்டும். நேர் இழை வைரஸின் துகளுக்குள் நேர் இழைதான் இருக்கும், நகலெடுக்கும்போது மட்டுமே எதிர் இழை பிறக்கும். ஆனால் சாதாரண பிரைமரில் இரண்டு இழையும் கலந்து வரும், பிரைமரின் நுனியில் ஒரு அந்நிய வால் சேர்த்து அந்த வாலை வைத்துப் பெருக்கினால்தான் நம்பலாம். இதைவிடவும் எனக்குப் பிடித்தது சின்ன ஆர்என்ஏக்களைப் படிப்பது. பூச்சியின் செல்லுக்குள் வைரஸ் பெருகினால் டைசர்-2 என்ற கத்தி அதன் இரட்டை இழையை 20, 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கும். உங்கள் வைரஸின் நீளம் முழுக்க, இரண்டு இழையிலிருந்தும் அந்த நீளத் துண்டுகள் குவிந்திருந்தால், புழு அதை எதிர்த்துப் போராடியிருக்கிறது என்று அர்த்தம். வயிற்றில் கடந்துபோன ஓலை வைரஸுக்குப் புழு இப்படிப் போராடாது.

முனைகளை அரைகுறையாக விடாதீர்கள். கணினி ஒட்டும் தொடரில் இரு முனையிலும் சில எழுத்துகள் எப்போதும் தவறும், முனைகளை மட்டும் பெருக்கிப் படிக்கும் ரேஸ் முறையில் அவற்றைத் தனியே பிடிக்க வேண்டும். நகலெடுப்பு தொடங்கும் அடையாளமே முனையில்தான் இருக்கிறது. மற்றபடி திறந்த சட்டகங்களை, அதாவது புரதமாக மொழிபெயரும் பகுதிகளைக் குறிப்பது, உறவு பார்ப்பது எல்லாம் உங்கள் ஆசிரியர் சொல்லித் தருவார். புது இனமா என்ற கேள்விக்குக் குடும்பத்துக்குக் குடும்பம் அளவுகோல் வேறு, உதாரணமாக இஃப்ளாவைரஸில் உறைப் புரதத்தின் ஒற்றுமை 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தனி இனம்.

கடைசிச் சோதனை மறுபடியும் புழுவில்தான். பிரித்த துகளை 0.22 மைக்ரான் வடிகட்டியில் ஓட்டி, ஓலையில் தடவி, நலமான புழுவுக்குக் கொடுங்கள், இன்னொரு கூட்டத்துக்கு வெறும் கரைசல். அதே நோய் வந்து, அதே வைரஸை மறுபடி பிரித்தெடுத்தால் மட்டுமே "இதுதான் கொன்றது" என்று எழுதலாம். ஒரு பருவத்தில் முடியாது என்றால் அதை அடுத்தவருக்கு விடுங்கள், ஆனால் செய்யாமலேயே கொன்றது என்று எழுதிவிடாதீர்கள்.

இதனால் தோட்டத்துக்கு என்ன லாபம் என்று மாமா கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. 1970களில் சரவாக்கில் டார்னா ட்ரிமா பெருகியபோது நோயுற்ற புழுக்களை அரைத்து நீரில் கலந்து தெளித்துப் பார்த்தார்கள், அது கட்டுப்பட்டது. இதற்கு முன்னால் 1963இல் மலாயாவில் தென்னை, செம்பனைக் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டில் ஹூகர் என்ற ஜெர்மானியர் ஒரு வைரஸைக் கண்டார். அது டிஎன்ஏ வைரஸ், ஆனால் 1967இல் சமோவாவுக்குக் கொண்டுபோய் விட்டுத் தென்னையைக் காப்பாற்றினார்கள். நம் காட்டுப் பூச்சிகளில் வைரஸ் தேடுவது இங்கே புதிதே அல்ல. கொசுப் பக்கம் பார்த்தாலும் அப்படித்தான். கெத்தா வைரஸ் 1955இல் மலாயாவில் கியூலெக்ஸ் கொசுவிலிருந்து எடுத்தது, பெயரே மலாயில் ரப்பர்தான், நம் பெரியவர்கள் கித்தாக் காடு என்பார்களே அந்தக் கித்தா. ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஸீக்காவை முதலில் பிரித்தெடுத்ததும் 1966இல் பெந்தோங்கில், ஏடிஸ் கொசுவிலிருந்து. ஆகவே உங்கள் தலைப்பைக் கேட்டு யாராவது "இங்கே என்ன இருக்கும்" என்றால் மனம் தளர வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, நுண்ணோக்கியும் இரண்டு நூலகமும் டிஎன்ஏ சரிபார்ப்பும் எதிர் இழையும் ஒரு இறுதியாண்டு ஆய்வுக்குத் தாராளம். முனைகளையும் ஊட்டும் சோதனையையும் முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், உயிரியல் வளங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டுமா என்பதை உங்கள் துறையில் மாதிரி எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், எடுத்தபின் கேட்டால் சிக்கல்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. நோய் அலை வந்தால் சில நாளில் புழுக்கூட்டமே சரிந்துவிடும், அப்புறம் தேடினாலும் கிடைக்காது. பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்காமல் நாளைக் காலை மண்டோரோடு போய், மந்தமாக இருக்கும் புழு முப்பது, தெம்பான புழு முப்பது எடுங்கள், பாதியை அறுத்துக் கரைசலில், மீதியை உலர் பனிக்கட்டியில். குழாயில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். ஓலையைத் திருப்பி ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன், அம்மாவிடமும் காட்டுகிறேன்.